இம்பெல்லர் வார்க்கக் கொடுக்கும் பட்டறைக்காரர்களே, சர்டிபிகேட்டை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

நாகர்கோவில் கோணம் பக்கம் பம்ப் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருஷம் குளச்சலில் ஓர் ஐஸ் பிளான்ட் வேலை வந்தது. கண்டன்சருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப். கடலோரக் கிணற்றுத் தண்ணீர், நல்ல உப்பு, கூடவே மணலும் வரும். அதன் பழைய இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம், அரித்துப்போயிருந்தது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நம்ம மேற்குக் கடலில் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வெளியூர் ஃபவுண்டரி ஒன்றில் இரண்டு இம்பெல்லர் கேட்டேன். சி.எஃப்.8.எம்., அதாவது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வார்ப்பு. உப்புத் தண்ணீரில் குழி விழாமல் காப்பது அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான். கூடுதல் விலையும் அதற்குத்தான். டெஸ்ட் சர்டிபிகேட் வாட்ஸ்அப்பில் வந்தது. மாலிப்டினம் 2.18 என்று இருந்தது. மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

சரக்கு வந்து பார்த்தால் வார்ப்பில் ஹீட் நம்பரே இல்லை; எந்த உருக்கில் ஊற்றியது என்று காட்டும் எண் அது. "கிரைண்டிங்கில் போயிருக்கும் சார்" என்றார்கள். சரி என்று விட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். காந்தம் வைத்துப் பார்த்தேன், லேசாகத்தான் பிடித்தது, மனசு சமாதானமாகிவிட்டது. ஆனால் நல்ல 316 வார்ப்பும் லேசாகக் காந்தம் பிடிக்கும், மட்டமான 200 சீரிஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அப்படிப் பிடிக்கலாம். காந்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அக்டோபரில் ஐஸ் பிளான்ட் அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல்ல." கழற்றினேன். இறக்கையின் அடியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அதன் ஓரத்தில் வேறு நிறத்தில் வெல்டிங் ஒட்டு. வார்ப்பில் விழுந்த பொத்தலை வெல்டு வைத்து மூடி, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள். எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்டுக்குக் கொடுத்தேன்: நிக்கல் 4.3, மாங்கனீஸ் 7.9, மாலிப்டினம் 0.1-க்கும் கீழே. 316 இல்லை, 200 சீரிஸ் மாதிரிச் சரக்கு.

மார்த்தாண்டத்தில் பட்டறை வைத்திருக்கும் நண்பரும் முந்தைய வருஷம் அவர்களிடம்தான் வாங்கியிருந்தார். அவருடைய சர்டிபிகேட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஹீட் நம்பர் அதே. எண்கள் இரண்டாம் தசமம் வரை அதே. பெயரும் தேதியும் மட்டும்தான் மாறியிருந்தன.

"உங்க பம்ப்-மோட்டார் அலைன்மென்ட் சரியில்லை" என்று ஃபவுண்டரிக்காரர்கள் முதலில் சொன்னார்கள். லேப் ரிப்போர்ட்டை அனுப்பிய பிறகு போனே எடுப்பதில்லை. அண்ணாச்சியால் மூன்று நாள் ஐஸ் கொடுக்க முடியவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. புது இம்பெல்லரை என் கைக்காசில் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது ஆர்டரிலேயே எழுதிவிடுகிறேன்: ஹீட் நம்பர் வார்ப்பிலேயே எழும்பி நிற்க வேண்டும், அதே உருக்கில் ஊற்றிய டெஸ்ட் பார் கூடவே வர வேண்டும். 1040 டிகிரிக்கு மேல் சூடாக்கித் தண்ணீரில் குளிர்வித்ததற்கான சார்ட்டும் கேட்கிறேன். மீதிப் பணம், நம் ஆள் நேரில் போய் பி.எம்.ஐ. கருவியால் (உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று எக்ஸ்ரே மூலம் காட்டும் கைக் கருவி) ஒவ்வொரு பீஸையும் பார்த்த பிறகுதான். கார்பன் அளவை அந்தக் கருவி காட்டாது, அதற்கு டெஸ்ட் பாரை லேபுக்கு அனுப்ப வேண்டும்.

அவர்கள் அனுப்பிய இரண்டாவது இம்பெல்லரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. போன வாரம் அதையும் டெஸ்ட் செய்தேன். அதிலும் மாலிப்டினம் இல்லை.