தோட்டத்து மருந்தகத்தில் கிடந்த பாதரசம்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே, நான் 26 ஆண்டுகள் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்த தோட்டத்து மருந்தகத்தை அண்மையில் காலி செய்தோம். இழுப்பறையில் 14 பழைய வெப்பமானிகளும் கண்ணாடித் தண்டு விரிசல் விட்ட இரத்த அழுத்தமானியும் இருந்தன. கசிந்த பாதரசம் பலகை இடுக்கெல்லாம் மணிமணியாக ஓடிக் கிடந்தது. துடைப்பத்தோடு வந்த துப்புரவு அம்மாவை வாசலிலேயே நிறுத்தினேன். கூட்டினால் மணிகள் சிதறி நுணுகும், ஆவியும் கூடும்.

உரிமம் பெற்ற கழிவு நிறுவனம் ஒன்றை அழைத்தோம். பெயர் வேண்டாம். வந்த இருவரில் இளையவர் கைவிளக்கைத் தரையோடு படுக்க வைத்தார். என் கண்ணுக்குத் தப்பிய மணிகளெல்லாம் மின்னின. ஒவ்வொன்றையும் ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, இடுக்கில் மஞ்சள் தூளைத் தூவினார்.

"என்ன தம்பி இது?"

"கந்தகம் ஐயா. மீந்ததைப் பிடித்துக்கொள்ளும்."

பாதரசமும் கந்தகமும் கூடினால் சாதிலிங்கம் என்று சித்த மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். கழிவைச் சுத்திகரிக்கும் ஆலைகளிலும் அதுதான் நடக்கிறது: பாதரச சல்பைடாக மாறியபின் அது நீரில் கரைவதில்லை, எளிதில் ஆவியாவதுமில்லை. இரண்டு மணி நேரம் அவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. மூடிய ஜாடியில் பாதரசக் கழிவுக்கான எஸ்.டபிள்யூ. 109 என்ற குறியீட்டுடன் முகப்புச் சீட்டை ஒட்டிய பிறகே கையுறையைக் கழற்றினார்கள்.

எண்ணெய் ஆலையில் கழற்றிய, அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் உள்ள பழைய புகை உணரியையும் நீட்டினேன். வாங்க மறுத்து, அணுசக்தித் துறையைக் கேட்கச் சொன்னார்கள். மறுத்ததை மதிக்கிறேன். கதிரியக்கப் பொருள் கலந்துவிட்டால் பாதரசத்தை மறுபடி பயன்படுத்துவது கடினம். கெட்டிப்படுத்திப் பாதுகாப்பாக வைப்பதுதான் வழி.

குறை, சான்றில். கழிவு ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்றின் பிரதி 30 நாளுக்குள் வரவேண்டும் என்பது விதி. நான்கு முறை தொலைபேசியில் கேட்டு, 47ஆம் நாள்தான் கிடைத்தது. ஒரு தாளுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கேட்டார். நான் பேராக்காரன். புக்கிட் மேரா அருமண் ஆலையின் கதிரியக்கமுள்ள தோரியக் கழிவைத் தங்கள் ஊரில் கொட்டக் கூடாதென்று 1984இல் பாப்பான் என்ற ஊரின் மக்கள் தெருவில் இறங்கியதை மறக்கவில்லை. எங்கள் பாதரசம் எந்த ஊர் மண்ணில் போய் முடிந்தது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இவர்களை மறுபடியும் அழைப்பேன். ஆனால் பாதிப் பணத்தைச் சான்று கைக்கு வந்த பிறகே கொடுக்கும்படி அலுவலகத்தில் சொல்லிவிட்டேன்.