விங்கருக்கு எது: பதினைந்து பேர் ரக்பியா, ஏழு பேர் ஆடும் செவன்ஸா?

மைதானம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதில் 30 பேருக்குப் பதில் 14 பேர் இறங்கும்போது, ஓரத்தில் ஆடும் வேக வீரரான விங்கரின் வேலையே மாறிவிடுகிறது.

செவன்ஸில் பாதிக்கு 7 நிமிடம், நடுவே 2 நிமிட இடைவேளை. ஒரே நாளில் இரண்டு, மூன்று ஆட்டங்கள் வரும். களைத்த காலோடு முழு வேகமெடுக்கும்போது தொடையின் பின்தசை கிழியும் அபாயம் அதிகம். திறந்த வெளியில் தனியாளாக டேக்கிள் செய்யும் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும்) பழக்கமும் இங்கேதான் கூர்மையாகும். ஒலிம்பிக் வாய்ப்பு செவன்ஸுக்கு மட்டுமே. 2016 முதல் இருக்கிறது.

பதினைந்து பேர் ஆட்டம் 80 நிமிடம். பந்தே வராமல் நெடுநேரம் போகும், ஆனால் சும்மா நிற்க முடியாது. எதிரணி உதைக்கப்போகிறது என்று தெரிந்ததும் கடைசிக் காவலரான ஃபுல்பேக்குக்குத் துணையாகப் பின்னால் இறங்கவேண்டும். சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து களத்துக்குள் குத்தி, எதிரணியின் 22 மீட்டர் பகுதியில் (கோல் கோட்டிலிருந்து 22 மீட்டருக்குள்) பக்கக் கோட்டைத் தாண்டி வெளியேறினால், பந்தை மீண்டும் உள்ளே எறியும் லைன்அவுட் எறிதல் உதைத்த அணிக்கே கிடைக்கும் என்ற 50:22 விதியால் இந்தப் பொறுப்பு கூடிவிட்டது.

வேகத்தை மட்டும் நம்பி வருபவர்கள் தடுமாறுவது உயர உதைக்கப்பட்டு வரும் பந்தைப் பிடிப்பதில்தான். ஒற்றைக் காலில் எம்பி, முழங்காலை உயர்த்தி, முழங்கைகளை ஒட்டிவைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்கவேண்டும். நேராக நின்றால் நழுவும் பந்து முன்னால் விழுந்து நாக்-ஆன் என்ற தவறாகிவிடும்.

பெரிய கிளப் ஒப்பந்தங்கள் பதினைந்து பேர் ஆட்டத்தில்தான். இளம் வயதில் செவன்ஸ், பிறகு மாறுவது நல்ல வழி. தென்னாப்பிரிக்க விங்கர் செஸ்லின் கோல்பே 2016 ரியோ ஒலிம்பிக்கில் செவன்ஸில் வெண்கலம் வென்றார். 2019இல் பதினைந்து பேர் உலகக் கோப்பை இறுதியில் ட்ரை (எதிரணி கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளி) அடித்தார். மாற நினைப்பவர்கள் உயரப் பந்துப் பயிற்சியைச் செவன்ஸில் இருக்கும்போதே தொடங்கிவிடவேண்டும்.