ஈரோட்டில் பல் கேப்: எதை வைத்து ஒட்டுகிறார்கள் என்று கேளுங்கள்

மெல்போர்னில் பல் வைத்தியச் செலவுக்குப் பயந்து ஊருக்குப் போகும்வரை தள்ளிப்போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. இந்தமுறை ஈரோட்டில் ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்கு ஜிர்கோனியா கேப்பும், முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் கேப்பும் போட்டுக்கொண்டேன். இரண்டும் பல் நிறத்தில் இருக்கும் பீங்கான் வகைகள். வேலை சுத்தம்.

விசாரிக்கும்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் கேப் என்ன ரகம், எத்தனை வருஷ வாரண்டி என்றுதான் பேசினார்கள். ஒட்டுகிற சிமெண்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் போன கிளினிக்கில் எல்லாக் கேப்புக்கும் ஒரே சிமெண்டுதான் என்றார்கள். திரும்பிவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "மேல கடிக்கிறோம், அதனால மேலதான் உடையும்னு நினைப்பாங்க. பெரும்பாலும் உள்பக்கந்தானுங்க விரிசல் விடும்." கடிக்கும்போது கேப்பின் உட்புறம் இழுபடுகிறது, அங்கிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வளர்கின்றன. ரெசின் சிமெண்ட், அதாவது பிளாஸ்டிக் போல இறுகும் பசை, அந்தக் கீறல்களுக்குள் இறங்கி, கேப்பையும் பல்லையும் ஒன்றாகப் பிணைக்கிறது. அடியில் காலியிடம் விட்டுப் பதித்த டைல்ஸ்தான் பாத்திரம் விழுந்தால் உடையும். நிறைவாகப் பதித்தது தாங்கும்.

லித்தியம் டைசிலிகேட்டின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு, சுமார் 400 மெகாபாஸ்கல். பழைய பீங்கானுக்கு 100கூடத் தேறாது, அதனால் அதற்கு ரெசின் பிணைப்பு கட்டாயம். வழக்கமான ஜிர்கோனியாவுக்கு 900க்கு மேல் உண்டு. பல்லில் போதிய உயரம் இருந்தால் கிளாஸ் அயனோமர் என்கிற சாதாரண சிமெண்டே போதும். என் கடைவாய்ப் பல் குட்டை, கழன்றுவிடக்கூடாது என்று அதற்கும் ரெசின்தான் வைத்தார்.

இரண்டுக்கும் தயாரிப்பு வேறு. முன்பல் கேப்பின் உட்புறத்தில் 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 விநாடி, கழுவி உலர்த்தி, பீங்கானையும் ரெசினையும் இணைக்கும் சைலேன் திரவம். ஜிர்கோனியாவை அமிலம் அரிக்காது. நுண்ணிய அலுமினாத் தூளை வீசிச் சொரசொரப்பாக்கி, ஜிர்கோனியாவைப் பிடித்துக்கொள்ளும் எம்டிபி என்ற வேதிப்பொருள் கலந்த பிரைமர் தடவ வேண்டும். பொருத்திப் பார்க்கையில் எச்சில் பட்டால் அதிலுள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவில் பற்றிக்கொள்ளும், பிடிப்பு குறையும். மறுபடி சுத்தம் செய்துதான் ஒட்டினார்.

நிரந்தரக் கேப் வரும்வரை போடும் தற்காலிகக் கேப்பை யூஜினால் (கிராம்பு எண்ணெயில் இருக்கும் பொருள்) இல்லாத பசையில் ஒட்டச் சொல்லுங்கள். யூஜினால் ரெசினை இறுக விடாது. அப்புறம், ஒட்டிய பிறகு கடி உயரமாகத் தெரிந்தால் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருக்கும். அதற்காகவாவது விமானத்துக்கு ஒரு வாரம் முன்பே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.