செல்களில் மீயொலி ஆய்வு: லென்ஸ் மேலே இருக்கும் நுண்ணோக்கியா, கீழே இருப்பதா?

உயிருள்ள செல்களில் மீயொலியைப் பாய்ச்சி, அதே நேரத்தில் செல்லுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக எங்கள் ஆய்வகத்துக்குப் புது கான்ஃபோக்கல் நுண்ணோக்கி (செல்லை மெல்லிய அடுக்கு அடுக்காகத் தெளிவாகக் காட்டுவது) வாங்கினோம். புள்ளி புள்ளியாக வருடும் வகையா, துளைத்தட்டைச் சுழற்றி ஒரே நேரத்தில் பல புள்ளிகளைப் பார்க்கும் சுழல்தட்டு வகையா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது சீக்கிரம் முடிந்துவிடும் பேச்சு. வேகமும் குறைந்த ஒளிச்சேதமும் வேண்டுமென்றால் சுழல்தட்டு. தடித்த திசுவுக்குள் பார்க்க வருடும் வகை. மீயொலியின் விளைவைக் கூட்டச் செல்களோடு சேர்க்கும் நுண்குமிழி அதிர்வதையே பார்க்க இரண்டுமே போதாது. அதற்கு நொடிக்கு 2.5 கோடி படம் வரை எடுக்கும் பிராண்டாரிஸ் 128 போன்ற தனிக் கேமரா வேண்டும்.

எங்களை வாரக்கணக்கில் யோசிக்க வைத்தது லென்ஸ் இருக்கும் இடம்.

லென்ஸ் கீழே இருக்கும் தலைகீழ் நுண்ணோக்கி வசதியானது. செல் வளர்ந்த கண்ணாடித் தட்டை அப்படியே வைக்கலாம், 1.4 எண்துளை (லென்ஸ் ஒளியைச் சேர்க்கும் திறனின் அளவு) உள்ள எண்ணெய் லென்ஸ் போடலாம், மற்ற குழுக்களும் விரும்பிப் பயன்படுத்துவார்கள். எல்லாம் சரி, ஒலிதான் ஒத்துழைக்காது. மீயொலியை உண்டாக்கும் டிரான்ஸ்டியூசரை மேலிருந்து முக்கினால் எதிரே கண்ணாடி. உலர் லென்ஸ் என்றால் கண்ணாடிக்குக் கீழே காற்று. நீரிலிருந்து காற்றைச் சந்திக்கும் மீயொலி கிட்டத்தட்ட முழுவதும் திரும்பி வந்துவிடும். போகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து நிலையலை ஆகும். 1 மெகாஹெர்ட்ஸில் நீரில் அலைநீளம் சுமார் 1.5 மி.மீ. அழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்துக்கும் அடங்கிக் கிடக்கும் இடத்துக்கும் நடுவே 0.4 மி.மீ. கூடக் கிடையாது.

இரவல் வாங்கிய தலைகீழ் நுண்ணோக்கியில் இதைக் கண்ணால் பார்த்தோம். செல்சவ்வு கிழிந்தால்தான் உள்ளே போகும் புரோப்பிடியம் அயோடைடு சாயம் ஒருநாள் தட்டு முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. மறுநாள் அதே மின்னழுத்தம், அதே துடிப்பு நீளம், சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. மாறியிருந்தது டிரான்ஸ்டியூசரின் உயரம் மட்டும்தான். குறுகிய துடிப்பு இந்தத் தொல்லையைக் குறைக்கும். ஆனால் எங்கள் சோதனைக்கு நீண்ட துடிப்புதான் தேவை.

அதனால் லென்ஸ் மேலே இருக்கும் நிமிர் வகையை எடுத்தோம். கீழே நீர்த்தொட்டி, அதில் 45 பாகை சாய்வில் டிரான்ஸ்டியூசர், நடுவே மெல்லிய படலங்களாலான செல் அறை, மேலே நீரில் அமிழும் லென்ஸ். திரும்பும் ஒலி பக்கவாட்டில் விலகி, தொட்டிச் சுவரில் ஒட்டிய ரப்பர் உறிஞ்சியில் அடங்கிவிடும். லென்ஸிலிருந்தும் கொஞ்சம் எதிரொலி வரும், முழுதாகத் தப்ப முடியாது. இன்னொரு லாபமும் உண்டு: நுண்குமிழிகள் மேலே மிதப்பவை. செல்கள் மேல்படலத்தின் அடிப்பக்கத்தில் இருந்தால் குமிழி தானாகப் போய் அவற்றைத் தொடும். தலைகீழ் வகையில் தட்டின் அடியிலுள்ள செல்லை விட்டு விலகிப் போகும்.

பராமரிப்பு கூடுதல்தான். தொட்டி நீரைக் காற்று நீக்கித்தான் ஊற்ற வேண்டும். லென்ஸ் முகத்தில் உப்பு காய்வதற்குள் வாலைவடிநீரில் கழுவ வேண்டும். ஒரு சொட்டு வழிந்தாலும் கீழேயுள்ள மின்பாகங்களுக்கு ஆபத்து. எங்கள் சோதனைகள் எல்லாம் ஓரிரு மணி நேரத்தில் முடிபவை. நாள்கணக்கில் செல்லைக் கண்காணிப்பவர்கள் என் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், தலைகீழ் வகையையும் ஓட்டிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும், விற்பவர் செயல்விளக்கம் காட்டும் நாளில் உங்கள் டிரான்ஸ்டியூசரையும், நீருக்குள் ஒலியழுத்தத்தை அளக்கும் ஒரு ஊசி ஹைட்ரோஃபோனையும் கையோடு கொண்டு போங்கள். லென்ஸைப் பொருத்திய நிலையிலேயே, செல் இருக்கப்போகும் இடத்தில் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.