பிக்கப் வண்டியின் டயர் காற்று விளக்கு: பட்டர்வொர்த்தில் சில வருஷம் ஓட்டிய அனுபவம்

டயரில் காற்று குறைந்தால் டாஷ்போர்டில் வருகிற மஞ்சள் விளக்கு எரிந்ததுமே ரீசெட் பொத்தானைத் தேடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விளக்கை அணைப்பதற்கு வைத்த பொத்தான் இல்லை அது. "இப்போ டயரில் இருக்கிற காற்றுதான் சரியான அளவு, இனிமே இதை வைத்துக் கணக்குப் பார்" என்று வண்டிக்குச் சொல்கிற பொத்தான். ஆணி ஏறிய டயரோடு அதை அமுக்கினால், குறைந்த காற்றையே சரியென்று நம்பிக்கொண்டு வண்டி பேசாமல் இருந்துவிடும்.

என் அக்கா மகன் ஒரு தடவை வண்டியை இரவல் வாங்கிப்போய், "மாமா, லைட் எரிஞ்சிச்சு, ரீசெட் அமுக்கிட்டேன், சரியாயிருச்சு" என்று சாவியைத் தந்தான். பின் இடது டயரைப் பார்த்தாலே சப்பென்று தெரிந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். கூரைத் தகரத்துக்கு அடிக்கிற ஸ்க்ரூ ஒன்று பட்டை இடுக்கில் தலை தேய்ந்து கிடக்க, அதைச் சுற்றி நுரை மெதுவாகக் கொப்பளித்தது. பையன் மேல் தப்பில்லை. எந்தக் கடையிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

என்னுடையது டீசல் டபுள் கேப். வார நாளில் பிறையில் சாமான் டெலிவரி, பாதி நேரம் காலி வண்டிதான். தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலைப் பக்கம் எங்கள் தண்ணீர் பந்தலுக்கு அண்டா, கேஸ் தோம்பு, ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் இதில்தான் போகும். காருக்கும் பிக்கப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள்: காலி வண்டிக்கு ஓர் அளவு, முழுச் சுமை ஏற்றினால் பின் டயருக்கு வேறோர் அளவு.

கணக்கு இப்படி. சுமைக்காகப் பின் டயரை 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏற்றி ரீசெட் செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாசி குறைந்தால் விளக்கு எரியும் என்றால் எல்லை 31.5. திருவிழா முடிந்து சாமான் இறக்கியபின் காலி வண்டிக்கு 32-க்கு இறக்கினால், மழை பெய்த குளிர்ந்த காலையில் விளக்கு வந்து நிற்கும். டயரில் ஒரு கோளாறும் இருக்காது. வண்டி இன்னமும் சுமை ஏற்றிய கணக்கிலேயே இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சுமை மாறி காற்று மாறினால் ஒவ்வொரு முறையும் ரீசெட் உண்டு. வேலை அலுப்புத்தான், ஆனால் பொத்தானின் உண்மையான உபயோகம் அதுதான்.

அந்தக் கால்வாசி அளவு அமெரிக்க விதியிலிருந்து வந்தது. ஃபயர்ஸ்டோன் டயரின் மேல்பட்டை உரிந்து ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகள் கவிழ்ந்த விவகாரத்துக்குப் பிறகு 2000-இல் அங்கே சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து புது இலகுரக வண்டிகள் எல்லாவற்றுக்கும் இந்த விளக்கு கட்டாயம். சொன்ன அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பது விதி. அதாவது விளக்கு வருகிறபோது காற்று நிறையவே போய்விட்டிருக்கும். விளக்கு வரவில்லை என்பதற்காகக் காற்று சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கையில் ஒரு கேஜ் வைத்திருங்கள்.

ரீசெட் செய்வதைவிட அதற்கு முன்னால் செய்வதுதான் முக்கியம். டயர் ஆறியிருக்க வேண்டும், குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி. மத்தியானம் நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதை இறக்கிவிட்டு ரீசெட் செய்தால் மறுநாள் காலையில் காற்று குறைவாகத்தான் இருக்கும். நான் காலையில் வீட்டுப் பக்கத்துப் பெட்ரோல் ஸ்டேஷனில் அடித்துவிடுகிறேன். மெஷின் கேபிஏ-வில் (கிலோபாஸ்கல்) இருந்தால் 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பிஎஸ்ஐ வந்துவிடும். பிறகு டொயோட்டா வகை வண்டிகளில் செட் என்று எழுதிய அந்த ரீசெட் பொத்தானை விளக்கு மெதுவாக மூன்று முறை மின்னும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டினால் கணக்கு பதிவாகிவிடும். எனக்குப் பிடித்த இடம் பத்து காவானிலிருந்து பத்து மாவுங் போகிற பினாங்கு இரண்டாவது பாலம். 24 கிலோமீட்டர், சிக்னல் இல்லை. நின்ற வண்டியில், டயருக்குள் காற்றை அளக்கிற சென்சார் தூங்கும், ஓடினால்தான் பேசும்.

டயர் ரொட்டேஷன், அதாவது டயர்களை இடம் மாற்றிப் போடுவது, செய்தால் வேறு வேலை. எந்தச் சென்சார் எந்த மூலையில் இருக்கிறது என்று வண்டிக்குத் தெரியப்படுத்த வேண்டும். செட் பொத்தான் அதைச் செய்யாது. ஃபோர்ட் வகையில் முன் இடது டயரில் தொடங்கி, முன் வலது, பின் வலது, பின் இடது என்று வரிசையாக ஒரு சிறு கருவியை வால்வு பக்கத்தில் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடிக்கும். கருவி இல்லாத கடையில் ரொட்டேஷன் செய்தால் திரையில் முன் டயர் குறைவு என்று காட்டும், குறைந்தது பின் டயராக இருக்கும்.

கேமரன் மலைக்குக் காய்கறி எடுக்கப் போகும்போது ஒன்று கவனித்தேன். அங்கே தானா ராத்தா ஊரில் காலையில் திரைக்கும் கைக் கேஜுக்கும் இரண்டு பிஎஸ்ஐ வரை வித்தியாசம். சென்சார் அளப்பது முழு அழுத்தத்தை. வெளிக்காற்று அழுத்தத்தைக் கழித்துத்தான் திரையில் போடுகிறது. 1,400 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று இளகியிருக்க, சில வண்டிகள் கடல் மட்டக் கணக்கையே கழிக்கின்றன. அங்கே ரீசெட் செய்யாதீர்கள், இறங்கி வந்தால் தானே சரியாகிவிடும்.

விளக்கு வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிஷம் போல மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு இல்லை, சென்சார் பிரச்சினை. பாட்டரி ஐந்திலிருந்து பத்து வருஷம் வரும். பசையில் அடைத்து வைத்திருப்பதால் தனியாக மாற்ற முடியாது. எனக்கு ஒன்று பாட்டரியால் போகவில்லை. ஒரு டயர் கடையில் டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் மெஷினை வால்வுக்கு நேராக வைத்து இறக்கினார்கள், உள்ளே சென்சார் இரண்டாக உடைந்தது. இப்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "அண்ணே, வால்வுக்கு எதிர்ப்பக்கம் வைங்க" என்று சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, அலுமினியத் தண்டுள்ள வால்வுக்கு உள்ளே சாதா பித்தளை ஊசி (காற்றை அடைத்துப் பிடிக்கிற பாகம்) போட்டால் உப்புக்காற்றில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். நிக்கல் பூசியது கேளுங்கள், மூடியும் பிளாஸ்டிக் போதும்.

ஸ்பேர் டயரில் பெரும்பாலும் சென்சார் இருக்காது, அதைப் போட்டு ஓட்டினால் விளக்கு வரும், பயப்பட வேண்டியதில்லை. புதுச் சென்சார் வாங்கினால் 433 மெகாஹெர்ட்ஸா 315-ஆ என்று பழைய சென்சாரின் முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வேறு அலைவரிசை என்றால் உங்கள் வண்டிக்கு அது காதில் விழாது.