பழைய செஸ்னா 172-உடன் ஆறு வருடம்

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் வளர்ந்தவன் நான். 2008 மே மாதம் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போகும்வரை, பக்கத்தில் இருந்த பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலைய ரன்வேயில் இறங்கும் விமானங்கள் எங்கள் மொட்டை மாடியை உரசுவது போலத்தான் போகும். அதைப் பார்த்து வந்த பறக்கும் ஆசை முப்பத்தெட்டு வயதில் என்னை ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டது. இப்போது மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு 1981 மாடல் செஸ்னா 172, ஒற்றை இன்ஜின் குட்டி விமானம், வைத்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் பைலட் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எனக்கு 58 ஆனது. சனி ஞாயிறு மட்டும் போனேன், மழை மாதங்களில் அதுவும் இல்லை. இரண்டு வாரம் இடைவெளி விட்டால் தரையிறக்கம் கையை விட்டுப் போய்விடும். அதைத் திரும்பப் பிடிக்க ஒரு மணி நேரம், அதற்கும் காசு. ஒரு மாதம் விடுப்புப் போட்டுத் தொடர்ந்து பறந்திருந்தால் பாதி சிரமம் மிச்சம். முதல் சோலோ (தனியாகப் பறப்பது) அன்று இன்ஸ்ட்ரக்டர் இறங்கியதும், அவர் எடை இல்லாமல் விமானம் பழகிய இடத்துக்கு முன்பே தரையை விட்டது. அந்த நொடி இன்றும் உடம்பில் இருக்கிறது.

உரிமம் வாங்கியபின்தான் சிக்கல் தெரிந்தது. பள்ளி விமானங்கள், 200 மணி நேரம் சேர்க்க வேண்டிய வணிக பைலட் மாணவர்களுக்குத்தான் முதலில். அது நியாயம்தான். மிச்சம் விழும் நேரம் எங்களுக்கு. அப்படித்தான் நாலு பேரும் சேர்ந்து சொந்தமாக வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

பார்க்கப் போனபோது கூட வந்தவர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர், பராமரிப்பு இன்ஜினியர். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர், "ஓடினதை அப்புறம் பாரு தம்பி, எத்தனை மாசம் சும்மா நின்னுச்சுன்னு முதல்ல பாரு" என்றார். பதினாலு மாதம் நின்றிருந்தது.

இதை விளக்க வேண்டும். இந்த விமானத்தில் இருக்கும் லைகமிங் கம்பெனி இன்ஜினில், வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு மேல்பக்கம் இருக்கிறது, எண்ணெய் கீழே. ஓடும்போது தெறிக்கும் எண்ணெய்தான் அதை நனைக்கும். விமானம் நின்றால் எண்ணெய் மெல்ல வடிந்துவிடும், ஈரக்காற்று பட்டுத் துருப் புள்ளிகள் விழும். அப்புறம் ஓட்டும்போது அந்தப் புள்ளிகளில் இருந்து தேய்மானம் தொடங்கும். வாரம் ஒருமுறை தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டினால் போதாதா என்று கேட்பார்கள். கூடாது. எண்ணெய் போதிய அளவு சூடாகாது, உள்ளே உண்டான ஈரம் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். பறந்தே ஆக வேண்டும். வேலூர் சார் ஒரு சிலிண்டரைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பார்த்து, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். அந்த ஒரு நாள் செலவை யாரும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஓவர்ஹாலுக்கு, அதாவது இன்ஜினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு, நிர்ணயித்திருப்பது 2000 மணி நேரம். நின்றே கெட்ட இன்ஜினுக்கு அந்த எண்ணால் பயனில்லை.

அடுத்து, தண்ணீர். இரண்டாம் வருடம், அக்டோபர். பத்து நாள் விடாத மழை, ஹேங்கரில் இடமில்லாமல் வெளியே நின்றது. காலை ஆறு மணிக்கு இறக்கைக்கு அடியில் குனிந்து, சின்னக் கண்ணாடிக் குவளையில் எரிபொருள் பிடித்தேன். அவ்காஸ் என்ற இந்த விமானப் பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும். குவளையின் அடியில் நிறமில்லாத ஒரு முத்து உருண்டது. தண்ணீர். மறுபடி பிடித்தேன், மறுபடி முத்து. ஏழாவது குவளையில்தான் முழுக்க நீலம் வந்தது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அன்று பறக்கவில்லை. குவளை முழுக்கத் தண்ணீராக இருந்தால் அடியில் கோடு எதுவும் தெரியாது, சுத்தமாக இருப்பது போலவே தோன்றும். அதனால் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள்.

நான்கு இருக்கை என்பதை நம்பி நாலு பேரை ஏற்றாதீர்கள். ஜக்கூர் ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் மதியம் 35 டிகிரி வெயிலில் காற்று லேசாகி, 6000 அடி உயர மலையில் இருந்து கிளம்புவதற்குச் சமமாகிவிடும். 160 குதிரைத்திறன் அங்கே திணறும். நாங்கள் மூன்று பேருக்கு மேல் ஏறுவதில்லை, காலை ஒன்பதுக்குள் இறங்கிவிடுவோம். அம்மாவை முதன்முதலில் கூட்டிப்போனதும் அப்படி ஒரு காலையில்தான். ஏறும்போது கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்தவர், ஜக்கூர் ஏரிக்குப் பக்கத்தில் திரும்பும்போது நிறுத்திவிட்டார். "இந்த ஊர்ல இவ்ளோ தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அதற்காகவே வாங்கினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

செலவு விஷயம். மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் குடிக்கும். அவ்காஸ் 2022-இல் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிக்கும்வரை வெளிநாட்டில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் கையைக் கடிப்பது எரிபொருள் இல்லை. இடவாடகை, காப்பீடு, வருடாந்திரச் சான்று எல்லாம் நின்றாலும் பறந்தாலும் ஒன்றுதான். நாலாகப் பிரிப்பதால்தான் தாங்குகிறது. பயணிகளிடம் காசு வாங்கி ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், தனியார் வகை விமானத்தில் சட்டம் அனுமதிக்காது. மைசூர் போவதென்றாலும் பயணத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் (ADC), விமானத் தகவல் மையத்தின் எண்ணும் (FIC) வாங்க வேண்டும். ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் நாட்களில், அது நடக்கும் எலஹங்கா விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால், எங்கள் திட்டம் எதுவும் நடக்காது.

பங்காளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விமானத்தை யார் கழுவுகிறார் என்று பாருங்கள். எங்கள் நால்வரில் ஒருவர் வருடத்துக்குப் பத்து மணி நேரம்தான் பறப்பார். ஆனால் 50 மணி நேரம் பறந்ததும் செய்யும் பரிசோதனை ஒன்றுக்குக்கூட வராமல் இருந்ததில்லை.

இன்ஜின் இப்போது 1,790 மணி நேரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பறப்புக்கும் தனிக் கணக்கில் பணம் போட்டு வந்ததால் ஓவர்ஹாலுக்குக் கடன் தேவைப்படாது. வேலூர் சார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வாரம் ஒருமுறை, மழை விட்ட காலைகளில், யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.