22 இன்ச் பாரைக் கழற்றி 18 போட்ட பிறகு

போன வாரம் ஆனைமலையிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். தோப்பில் வேர்வாடல் நோய் வந்த தென்னை முப்பதுக்கு மேல் நிற்கிறதாம். 2016-ல் வெள்ளை ஈ வந்து போட்டுப் பார்த்தது. அதிலிருந்து நிமிர்வதற்குள் இது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இன்று இதே பேச்சுதான். மரம் அறுக்கும் ஆட்களைக் கூப்பிட்டால் பத்து நாள் தள்ளித்தான் வருகிறார்கள், அதனால் சொந்தமாகவே ஒரு செயின்சா வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறான்.

"ஏனுங் மாமா, நீங்க வெச்சிருக்கற 58 சிசி மிஷினையே வாங்கிக்கட்டுங்ளா? கடைல 22 இன்ச் பார் போட்டுத்தான் வருதுங்கறாங்க. அதையே எடுத்துக்கலாமுங்ளா?"

"வேண்டாம் மாப்ளே" என்று சொல்லிவிட்டேன். எதை வேண்டாம் என்றேன், மிஷினையா, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரையா என்று விளக்கப் போய் அரைமணி நேரம் ஓடிவிட்டது. போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த மிஷினை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. காங்கேயத்துப் பக்கம் எங்களுக்குக் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல், ஆங்காங்கே வேம்பு, தண்ணீர் ஓடும் ஓரத்தில் சீமைக் கருவேலம். கிணற்றுப் பக்கம் கொஞ்சம் தென்னை. இதில் அறுக்க வேண்டிவருகிற மரத்தில் பத்துக்கு ஒன்பது ஒரு அடிக் கனத்துக்குள்தான் இருக்கும். வாங்கும்போது அதை நான் யோசிக்கவில்லை. கடைக்காரர் "பார் நீளமா இருந்தா எல்லா மரத்துக்கும் ஆகுமுங்க" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெரிய அருவாளால் சின்னக் கிளையையும் வெட்டலாம், சின்ன அருவாளால் பெரிய கிளையை வெட்ட முடியாது என்கிற கணக்கு. செயின்சாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷமும் ஒரு எரிந்த பாரும் ஆயிற்று.

அருவாளை ஓங்காதபோது அது சும்மா இருக்கும். செயின் அப்படியில்லை, மரத்துக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் முழு நீளமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு அடித் தென்னையை 22 இன்ச் பாரில் அறுத்தால் 12 இன்ச் மரத்தில் வேலை செய்கிறது, மிச்சம் 10 இன்ச் காற்றில் சுற்றுகிறது. அந்தப் பத்து இன்ச்சும் உராய்கிறது, சூடாகிறது, ஆயில் குடிக்கிறது, எஞ்சினின் இழுவையைத் தின்கிறது. என் செயின் 0.325 பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளியைச் சொல்லும் இன்ச் கணக்கு. அதில் ஏறக்குறைய 1.3 இன்ச்சுக்கு ஒரு வெட்டும் பல். ஒரு அடி மரத்துக்குள் ஒரே நேரத்தில் ஒன்பது பல் இருக்கும். பார் 18 ஆனாலும் 22 ஆனாலும் அந்த ஒன்பதுதான். அப்படியென்றால் நீளப் பாரால் அந்த மரத்தில் வேகம் கூட வழியே இல்லை, குறையத்தான் செய்யும். சரி, பெரிய மரமாகப் பார்த்து 20 இன்ச் ஆழம் இறக்கினால் என்ன? ஒரே நேரத்தில் பதினைந்து பல் கடிக்கிறது. 58 சிசிக்கு அது மூச்சு முட்டுகிற வேலை. அழுத்தினால் சுற்று இறங்கும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும். அழுத்தாமல் தூக்கித் தூக்கி அறுக்க வேண்டும். ஆக, சின்ன மரத்தில் வீண், பெரிய மரத்தில் பாரம்.

இதெல்லாம் காகிதக் கணக்கு. நான் பட்ட எரிச்சல் வேறு, அது பாரின் நுனி.

கொறங்காட்டு மண் முழுக்கச் சுக்காங்கல். விழுந்து கிடக்கிற வெள்வேலைத் துண்டு போடும்போது இந்தப் பக்கம் நின்றுகொண்டு அறுக்கிறேன், 22 இன்ச்சின் நுனி அந்தப் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டு போகிறது. நான் பார்ப்பது என் பக்கத்து மரத்தூளை. அங்கே நுனி எங்கே தொடுகிறது என்று தெரியாது. "சர்ர்" என்று ஒரு சத்தம், ஒரு நொடிப் பொறி, அவ்வளவுதான். தீட்டிய கூர் முழுக்கப் போய்விடும். அதுவரை சீவல் சீவலாகத் தள்ளிக்கொண்டிருந்த செயின், அடுத்த அறுப்பிலிருந்து மாவாகக் கொட்டும். மாவு கொட்ட ஆரம்பித்தால் அரம் எடுத்தே தீர வேண்டும், அழுத்தி அறுத்து நாளை ஓட்டலாம் என்று நினைத்தால் பார் வளையும், எஞ்சின் சூடேறும். 22 இன்ச் செயினில் பாருக்குள் இறங்கி ஓடும் கண்ணி, அதாவது டிரைவ் லிங்க், 86. இரண்டுக்கு ஒன்றாக 43 வெட்டும் பல். 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரத்தை வைத்து, 30 டிகிரிச் சாய்வு மாறாமல், பல்லுக்கு நாலு இழுப்பு. கல் பட்ட பல்லென்றால் பத்து இழுப்பு ஆகும். ஒரு பக்கத்துப் பல்லை முடித்துவிட்டு மிஷினைத் திருப்பி மறுபக்கம். வெயிலில் வேலியோரம் குந்தி உட்கார்ந்து ஒரே நாளில் மூன்று தடவை இதைச் செய்திருக்கிறேன். மரம் அறுத்த நேரத்தைவிட அரம் இழுத்த நேரம் அதிகம்.

சீமைக் கருவேலத்தில் இன்னும் மோசம். அது நெட்டையாக ஒரே தண்டாக வளராது, தரையிலிருந்தே நாலைந்து கிளையாகப் பிரிந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு நிற்கும். முன்னால் இருக்கும் கிளையை அறுக்கும்போது நுனியின் மேல்பாதி பின்னால் மறைந்திருந்த ஒரு கிளையில் பட்டது. மிஷின் அப்படியே முகத்தை நோக்கித் தூக்கியடித்தது. இடது கை முன்பிடியில் சரியாக இருந்ததால் மணிக்கட்டு தட்டிச் செயின் பிரேக் விழுந்துவிட்டது. செயின் நின்றபோது நெற்றிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். அன்றைக்கு மேற்கொண்டு அறுக்கவில்லை, மிஷினை வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிற நீளத்தில்தான் பார் இருக்க வேண்டும் என்பதை அப்போதே முடிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பணம் கொடுத்து வாங்கியது, ஓட்டுவோம் என்று இன்னும் ஒரு வருஷம் ஓட்டினேன்.

போன பங்குனியில் அந்த முடிவை மிஷினே எடுத்தது. வெள்வேல் அறுத்துக்கொண்டிருந்தபோது நுனியில் புகை. மரம் பச்சை, புகைய வேண்டிய காரணமே இல்லை. நிறுத்திவிட்டுப் பார்த்தால் நுனி ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. நுனிச் சக்கரம் விரலால் தள்ளினால் திரும்பவில்லை. செயின் தொளதொளவென்று தொங்கியது. காங்கேயத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாரைக் கழற்றி, எஞ்சினை ஓட்டி, ஆயில் வரும் துளைக்கு நேரே ஒரு அட்டையைப் பிடித்தான். சொட்டுக்கூட விழவில்லை. ஆயில் பம்பைச் சுற்றும் பிளாஸ்டிக் பல் தேய்ந்து மழுங்கியிருந்தது. பாரில் இருக்கும் ஆயில் துளையும் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்த களிம்பில் அடைத்திருந்தது. ஆரம்பத்தில் சில மாதம் வண்டியில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலைத்தான் ஊற்றினேன். அதிலுள்ள இரும்புத் துகள் பம்பைத் தின்னும் என்று அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தப் பங்கு என்னுடையது, கடைக்காரர் மேல் போட மாட்டேன்.

ஆனால் அவன் அடுத்துச் சொன்னது கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியது. "பம்ப் மாத்திடறனுங்ண்ணா. ஆனா இந்தப் பம்ப் 22-க்கு நுனி வரைக்கும் எட்டறது செரமமுங்க. திருகை முழுசாத் திறந்து வெச்சாலும் வெயில் காலத்துல பத்தாதுங்க. ஒரு தடவை 18 போட்டுப் பாருங்க."

போட்டேன். பாருக்கும் செயினுக்கும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. அவன் பழைய பாரின் அடிப்பாகத்தில் அடித்திருந்த எண்களைப் படித்துக் காட்டினான்: பிட்ச் 0.325, செயின் இறங்கி ஓடும் பள்ளமான காடியின் கனம் 0.058. இந்த இரண்டும் மாறக் கூடாது. பிட்ச் மாறினால் கிளட்ச் சக்கரத்தில் செயின் உட்காராது, கனம் மாறினால் காடியில் ஒன்று ஆடும் அல்லது இறங்கவே இறங்காது. பாரைப் பொருத்தும் வரித்துளையும் ஆயில் துளையும் நம் மிஷினுக்கு நேராக வர வேண்டும். நீளம் மாறினால் மாறுவது டிரைவ் லிங்க் எண்ணிக்கை மட்டும்தான். 22-க்கு 86 இருந்தது, 18-க்கு 72. வீட்டில் டேப் வைத்து அளந்து வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: பாரின் அளவு என்பது மிஷின் உடம்பிலிருந்து நுனி வரை வெளியே தெரியும் நீளம். கழற்றி முழுசாக அளந்தால் சில இன்ச் கூடத்தான் வரும்.

முதல் நாள் 18 போட்டு வேம்பு அறுத்தபோது மிஷினையே மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றியது. முன்பிடியில் தூக்கினால் முன்பெல்லாம் மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கும், இப்போது தராசு போல நிற்கிறது. சாயங்காலம் இடுப்பு வலி இல்லை. ஆயில் நுனி வரை போகிறது. வெட்டுக் கட்டையின் வெளுத்த முகத்துக்கு நேரே நுனியைக் காட்டி ஆக்சிலேட்டரை அழுத்தினால் மெல்லிய கோடாகத் தெறித்து விழுகிறது. இந்தச் சோதனையை ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு முறை செய்துவிடுகிறேன். செயின் சூட்டில் நீள்வதும் குறைந்துவிட்டது, முன்பு அரைமணிக்கு ஒருமுறை இறுக்கியவன் இப்போது காலையில் ஒன்று, மதியம் ஒன்று. வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வைக்கும் பழக்கம் மட்டும் எந்த நீளத்துக்கும் வேண்டும், சூட்டில் இறுக்கியது ஆறும்போது சுருங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும். தீட்டுவதற்கு 36 பல். ஏழு பல் குறைவு என்பது எழுதும்போது சின்ன எண்ணாகத்தான் தெரிகிறது, வெயிலில் உட்கார்ந்து அரம் இழுத்தவனுக்கு அது பெரிசு.

தென்னையைப் பற்றித்தான் மச்சினன் கேட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். தென்னைக்கு வெளியே வைரம், உள்ளே சோறு. அதனால்தானே அந்தக் காலத்தில் தென்னையையும் பனையையும் மரத்தில் சேர்க்காமல் புல்லில் சேர்த்தார்கள். வெளி வளையம் இரும்பு மாதிரி, பல்லின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். உள்ளே போனதும் ஈர நாராக வந்து சக்கர மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். நாலு மரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து நாரை இழுத்துப் போட்டு, பார்க் காடியை ஒரு தகட்டால் சுரண்டிவிட வேண்டும். அப்படியே பாரை மேல்கீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி தேயும். தண்டு ஒரு அடிதான், தூர் பெருத்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாறி நின்று 18-ல் அறுத்துவிடலாம். பனைக்கு மிஷினை எடுக்கவே வேண்டாம், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது.

22 இன்ச்சுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு ராத்திரி முழுக்க அடித்ததில், எங்கள் இட்டேரியின், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தின் குறுக்கே ஒரு கிழட்டு வாகை விழுந்துவிட்டது. அடிக் கனம் மூன்றடி. அந்தப் பக்கம் நாலு வீடு, பால் வண்டி போக வழியில்லை, பெரியம்மாவை மாத்திரை வாங்கக் கூட்டிப்போக வழியில்லை. அன்றைக்கு 18 இருந்திருந்தால் இரண்டு பக்கமும் இறக்கினாலும் நடுவில் சேர்ந்திருக்காது. 22 சேர்ந்தது. காலை ஏழுக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்குப் பால் வண்டி போனது. இடையில் எத்தனை முறை ஆறவிட்டேன் என்று கணக்கில்லை, ஆனால் முடித்தது அந்தப் பார்தான்.

எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் இல்லை. இரண்டு இழுப்பில் பிடிக்கிறது, நாலு வருஷத்தில் ஒரு பிளக்தான் மாற்றினேன். பெட்ரோலை டேங்கில் விட்டு வைக்காமல் வடித்துவிட்டால் கார்புரேட்டரும் தொந்தரவு தராது. 18 இன்ச் பாரோடு சேர்த்துச் சொன்னால், எங்கள் காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மிஷின் எனக்குத் தெரியவில்லை.

இருந்தும் மறுபடி வாங்குவேனா என்றால், மாட்டேன். மச்சினனையும் வாங்க விடமாட்டேன். கடையில் போய், 22-ஐ எடுத்துக்கொண்டு 18 போட்டுக் கொடுங்கள் என்று அவனைக் கேட்கச் சொன்னேன். "பெட்டியில வர்றதுதானுங்க" என்று மூன்று கடையில் ஒரே பதில். வாங்குகிறவன் என்ன மரம் அறுக்கப் போகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்ப்பதற்குப் பெரிதாக இருந்தால் விற்கும் என்று நீளத்தைப் போட்டு அனுப்புகிறார்கள், அதன் விலையை நாம் பம்பிலும் செயினிலும் இடுப்பிலும் கட்டுகிறோம். நெற்றிக்கு ஒரு சாணில் நின்ற அந்தச் செயினை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. முப்பது தென்னைக்கு என் மிஷினைக் கொண்டுபோகட்டும். அதற்குள் மரத்தைப் பார்த்துப் பார் போட்டுத் தருகிற கடை ஒன்று கிடைத்தால் யோசிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறான். எரிந்ததற்குப் பதிலாக வாங்கிய 22 இன்ச் பாரைக் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிச் சாளையில் மாட்டியிருக்கிறேன், அதைத் தர மாட்டேன், ஆடி வருகிறது. தென்னை செயினைச் சீக்கிரம் தின்னும் என்பதால் வரும்போது உபரியாக ஒரு செயின் வாங்கி வரச் சொல்லி, கடையில் காட்டுவதற்கு அவன் போனுக்கு எழுதி அனுப்பினேன்: 0.325 பிட்ச், 0.058 கனம், 72 டிரைவ் லிங்க்.